அப்பா இறைத்த தண்ணீரின் சத்தம்

1

அப்பா இறந்து ஐந்தாவது வருடம் நெருங்கிக்கொண்டிருந்த வாரத்தில் ஊலே கூப்பிட்டான். நான் இருக்கும் பெர்கன் நகரத்து அருங்காட்சியகத்தில் ஒலி, ஒளி வேலைகளைப் பார்க்கிறவன் அவன். நம் ஊரில் ‘ஏலே’ என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம். நார்வேயில் ‘ஊலே’ என்பது ஓர் ஆளின் பெயர். வந்த புதிதில் கடைவீதியில் யாராவது அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

அவன் கூப்பிட்டபோது நான் மழலையர் பள்ளிச் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். காலையில் எனக்கு அந்த வேலை. மதியத்துக்கு மேல் கலைஞர். மண், மரம், தண்ணீர், துணி என்று கிடைப்பதை வைத்து ஓர் இடத்தையே வேறு இடமாக மாற்றிக் காட்டும் வேலை. நிறுவல் கலை என்று தமிழில் எழுதுகிறார்கள். ஊரில் கேட்பவர்களிடம் என் தம்பி சகாயம், “அக்கா அங்கிட்டு செட்டிங்கு போடுது” என்பான். திருவிழாவுக்குப் போடுவதுபோல. அது அப்படியொன்றும் தப்பில்லை.

“உன் பழைய ஒலிநாடாவைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன்,” என்றான் ஊலே. “தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ஓர் ஆள் பேசுகிறார். அழித்துவிடட்டுமா?”

“எந்த ஆள்?” என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. அந்த நாடாவில் இருக்கக்கூடியவர் ஒருவர்தான்.

2

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் பக்கம் எங்கள் தோட்டம். தென்னையும், ஊடே கத்தரி, வெண்டையும், ஓரமாகக் கனகாம்பரமும். அப்பா பெயர் சவரிமுத்து. அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட மற்றவர்கள் பாடி முடித்த பிறகுதான் அவர் உதடு அசையும்.

நான் காந்திகிராமத்துக்கு பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்த வருடங்களில் கிணறு மாறியது. முதலில் சோப்பு நுரைக்கவில்லை. பிறகு சோறு வடிக்கும்போது ஒரு வாடை வந்தது. ஒருநாள் மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தோல் ஷாப்புகளில் தோல் பதனிட்ட கழிவுத் தண்ணீர் ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, எங்கள் கிணற்றுக்கு வந்துவிட்டிருந்தது. அடுத்த கோடையில் வாளியில் வந்தது தண்ணீரா, பால் விடாத கட்டன் டீயா என்று தெரியவில்லை.

தென்னை உடனே சாகாது. முதலில் குரும்பை உதிர்ந்தது. அப்புறம் மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. கடைசியில் கொண்டை விழுந்து, மரங்கள் தலையில்லாமல் நின்றன. தரையெல்லாம் உப்பு பூத்து, நிலா இல்லாத நாளிலும் தோட்டம் வெளுத்துக் கிடக்கும். சாயங்காலத்துக்கு மேல் பிள்ளைகள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

அப்பா மோட்டாரை விற்றார். சகாயம் அதே தோல் ஷாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அன்றைக்கு அம்மா அவன் சட்டையைத் தனியாக ஊறவைத்தாள். அதற்குப் பிறகு எப்போதும் தனியாகத்தான் ஊறவைத்தாள்.

3

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி இங்கே வந்தேன். கணவர் அருள் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை பார்த்தார். பெர்கனில் மழை நிற்பது என்பது ஒரு செய்தி. வந்த முதல் மாதம், கூரைக் குழாயிலிருந்து கொட்டும் தண்ணீருக்கு அடியில் வாளி கொண்டுபோய் வைத்தேன். நிரம்பியது. இன்னொன்று வைத்தேன். அதுவும் நிரம்பியது. அருள் வேலை விட்டு வந்து பார்த்துவிட்டு, “இத என்ன செய்யப்போற?” என்றார். கீழே ஊற்ற மனம் வரவில்லை.

இரண்டாவது வருடம் அம்மா இறந்துபோனாள். என் பாஸ்போர்ட் அப்போது காவல்துறையின் வெளிநாட்டவர் பிரிவில் கிடந்தது, தங்கும் உரிமையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தோம். கவுண்டரில் இருந்த பெண் நல்லவள். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உள்ளே போய்ப் போய்க் கேட்டு வந்தாள். “உன் தாள்கள் தலைநகரத்தில் இருக்கின்றன. அவை வராமல் நீ வெளியே போனால் திரும்ப வர முடியாமல் போகலாம்” என்றாள். தாள்கள் வந்து சேர்ந்தபோது அம்மாவை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

அப்பாவுக்குப் போன் பண்ணினேன். “இனி வந்து என்னத்தப் பாக்கப்போற, தாயி. எல்லாம் முடிஞ்சிருச்சு” என்றார். செத்த நேரம் கழித்து, “அங்க மழ பெய்யுதா?” என்று கேட்டார்.

“பெய்யுதுப்பா.”

“பெய்யட்டும்.”

அதற்குப் பிறகு எத்தனை வருடம் பேசினாலும் முதல் கேள்வி அதுதான். ஒருநாள்கூட நான் இல்லை என்று சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மொழி வகுப்பில் ஆளுக்கொரு சோகத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் பேசச் சொன்னார்கள். அம்மாவைப் பற்றிப் பேச முடியாது என்று தெரிந்ததால் கிணற்றைப் பற்றிப் பேசினேன். இவர்கள் மொழியில் கிணற்றுக்கு ‘ப்ரொன்’, கரடிக்கு ‘பியோர்ன்’. “என் அப்பாவின் கரடி செத்துவிட்டது. அது முன்பு மிகவும் இனிப்பாக இருந்தது. இப்போது பழுப்பாகிவிட்டது. அப்பா தினமும் போய் அதை எட்டிப் பார்க்கிறார்” என்று சொல்லி முடித்தேன். ஆசிரியை கண் கலங்கி என் தோளைத் தொட்டாள். வீட்டுக்கு வந்து அருளிடம் சொன்னபோதுதான் பிழை தெரிந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அம்மா இறந்ததற்காக முதல் முறையாக அழுதேன்.

மொழியில் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று அப்போது தோன்றியது. மாலை நேர ஓவிய வகுப்பில் பெயரைக் கொடுத்தேன். ஓவியம் எனக்கு வரவில்லை. ஆனால் பொருள்களை அடுக்க வந்தது.

4

மகள் லேயா பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த வருடம், துறைமுகத்தில் பழைய கருவாட்டுக் கிட்டங்கி ஒன்றைப் புதிய கலைஞர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஜன்னல் நெடுகக் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்தேன். முதல் டம்ளரில் வெறும் தண்ணீர். அடுத்தடுத்து டீத்தூள் சாயம் ஏற்றி, கடைசி டம்ளரில் எங்கள் கிணற்றின் நிறம். வெளிச்சம் மாற மாற வரிசை மாறும். உள்ளூர்ப் பத்திரிகையில், தேயிலை நாட்டிலிருந்து வந்த பெண் என்று எழுதினார்கள். இருந்தாலும் ஒரு வயதான மீனவர் கடைசி டம்ளர் முன்னால் நெடுநேரம் நின்றார். போகும்போது, “இதில் மீன் இருக்காது” என்றார். அவருக்காகவே அடுத்ததைச் செய்யலாம் என்று நினைத்தேன்.

அடுத்தது சேலைகள். அம்மாவின் சின்னாளபட்டிச் சேலைகளை அனுப்பச் சொல்லி சகாயத்திடம் கேட்டிருந்தேன். பாசமாக மடித்து, பாச்சை உருண்டை போட்டு அனுப்பியிருந்தான். அவற்றைக் கடலோரப் பாறைகளுக்கு நடுவே கயிற்றில் தொங்கவிட்டேன். அலை தெறித்து, காற்றில் காய்ந்து, மறுபடி தெறித்து, கோடை முடியும்போது உப்பேறிய சேலைகள் மடங்க மறுத்து, யாரோ உள்ளே நிற்பதுபோல நின்றன. படகில் ஆட்கள் வந்து பார்த்தார்கள். எனக்கு உதவித்தொகை கிடைத்தது. இரண்டு வேறு நகரங்களிலிருந்து அழைப்பு வந்தது. என் தொழில் வாழ்க்கை என்று சொன்னால் அது அங்கேதான் தொடங்குகிறது.

புகைப்படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் போன் செய்தான்.

“அக்கா, அது அம்மா சேலையா?”

“ஆமாப்பு.”

“மழையிலயும் உப்புத் தண்ணியிலயும் தொங்க விட்டுருக்க.”

அது எங்கள் மண்ணைப் பற்றியது, அம்மாவைப் பற்றியது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

“இங்க பாரு. நான் தோல் ஷாப்புலதான் வேல பாக்குறேன். எம்பிள்ளைக பள்ளிக்கூடம் போறது அந்தத் தோல்லதான். நாங்க ஆட்டுத் தோல உரிச்சு வித்துப் பொழைக்கிறோம். நீ அங்க உக்காந்துக்கிட்டு எங்க தோல உரிச்சுக் காட்டுற.”

சண்டை போடும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்களுக்குள் பேச்சு இல்லை. அப்பாதான் நடுவில், “அவன் நல்லாத்தான் இருக்கான், நீ மனசுல வச்சுக்காத” என்பார்.

5

இரண்டாயிரம் பிறந்த பிறகு லேயாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். தோட்டத்தில் தலையில்லாத மரங்கள் அப்படியே நின்றன. அப்பா காலையில் எழுந்து கிணற்றுக்குப் போய்விடுகிறார் என்று சகாயத்தின் மனைவி சொன்னாள். “என்ன செய்றாகன்னு நீங்களே போய்ப் பாருங்க, மதினி” என்றாள்.

அப்பா உருளையில் கயிறு போட்டு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். இறைத்த தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினார். வாய்க்கால் போகும் வழியில் ஒரு செடி இல்லை. பழுப்புத் தண்ணீர் கொஞ்ச தூரம் போய் மண்ணுக்குள் இறங்கியது. அவர் மறுபடி வாளியை விட்டார்.

“யாருக்குப்பா இந்தத் தண்ணி?”

“யாருக்கும் இல்ல. எறைச்ச கெணறுதான் ஊறும். சும்மா விட்டா தூந்து போயிரும், தாயி.”

“ஊறுறதும் இதே தண்ணிதான?”

அவர் சிரித்தார். “அதுக்கு நான் என்ன செய்ய?”

ஒலிப்பதிவுக் கருவியைக் கிணற்று மேட்டில் துண்டுக்கு அடியில் வைத்துவிட்டு, மரங்களைப் படம் எடுக்கப் போய்விட்டேன். உருளை கிறீச்சிடுவது, வாளி மோதுவது, தண்ணீர் விழுவது, இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாடா ஓடி முடிந்திருந்தது.

அன்று மாலை, பட்ட மரங்களில் நாலைந்தை நார்வேக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். வாசலில் உட்கார்ந்திருந்த சகாயம் எழுந்து உள்ளே போய்விட்டான். அப்பா என்னைப் பார்க்காமல், “கொண்டு போ. ஆனா நிக்க வச்சுக் காட்டு. படுக்கப் போட்டுக் காட்டாத” என்றார்.

6

செத்த மரத்தை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவது உயிருள்ள மனிதர் போவதைவிடக் கடினம். புழு இல்லை என்று ஒரு சான்று, புகையடித்ததற்கு ஒரு சான்று, முளைக்காது என்று ஒரு சான்று. நார்வே துறைமுக அதிகாரி, “இது எதனால் இறந்தது?” என்று கேட்டார். நோய் ஏதும் இருந்தால் அனுமதிக்க முடியாதாம். “தண்ணீரால்” என்றேன். “அதிகமாகிவிட்டதா?” என்றார். இந்த ஊர்க்காரருக்கு வேறென்ன தோன்றும்.

அருங்காட்சியகத்தின் இருட்டுக் கூடத்தில் அவற்றை நிற்க வைத்தேன். அப்பா இறைக்கும் சத்தம் எங்கிருந்தோ வருவதுபோல ஒலித்தது. வந்தவர்கள் கிணற்றைத் தேடினார்கள். கிணறு இல்லை. அந்த வேலைக்குக் கிடைத்த பேரை வைத்துத்தான் இன்றுவரை எனக்கு அழைப்பு வருகிறது.

எனக்கு மட்டும் அந்தக் கூடம் தனியாக நிற்க முடியாத இடமாகிவிட்டது. மழை பெய்யும்போது தெருக் குழாய்களில் உருளைச் சத்தம் கேட்கும். அருள் ஆசையாக ஒரு தோல் சோபா வாங்கினார். நான் அதில் உட்காராததைக் கவனித்து, கடைக்கே திருப்பிக் கொடுத்தார்.

கொஞ்ச காலத்தில் அப்பா இறந்தார். இந்த முறை பாஸ்போர்ட் கையில் இருந்தது. நான் போய்ச் சேரும்வரை, பாதர் சொல்லியும் உறவுக்காரர்கள் சொல்லியும் கேட்காமல், சகாயம் உடலை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தான். நான் இறங்கியதும், “போய்ப் பாரு” என்றான். அதோடு எங்கள் சண்டை முடிந்தது.

7

ஊலேயின் அறைக்குப் போனேன். அந்த மரங்களை மறுபடி பெரிய கூடத்தில் நிறுத்தி, பிறகு மற்ற நாடுகளுக்கும் அனுப்பப்போகிறார்கள். அதற்காகத்தான் பழைய நாடாவைக் கணினியில் ஏற்றி அவன் சுத்தம் செய்துகொண்டிருந்தான். ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னான்.

உருளைச் சத்தம். வாளி இறங்குகிறது. தண்ணீர் விழும் சத்தத்தைப் பாதியாகக் குறைத்திருந்தான். முன்பு இரைச்சல் மட்டும் இருந்த இடத்தில், பக்கத்தில் நிற்பதுபோல அப்பா.

“செத்த பொறுடி. வாரேன்.”

வாளி மேலே வருகிறது. தண்ணீர் விழுகிறது.

“ரெண்டு வாளிதான். வந்துட்டேன்.”

அப்பா ‘டி’ போட்டுப் பேசியது உலகத்தில் ஒருத்தியிடம்தான். அந்தப் பதிவு எடுத்தபோது அம்மா இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. குரலில் அழுகை இல்லை. புலம்பல் இல்லை. வேலையாக இருக்கும் ஒருவர், கூப்பிட்டவளுக்குத் தலையைத் திருப்பாமல் சொல்லும் பதில். கொஞ்சம் சலிப்புகூட இருந்தது. அந்தச் சலிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“யாரிடம் பேசுகிறார்?” என்று ஊலே கேட்டான்.

“என் அம்மாவிடம்.”

“ஓ, அவரும் அங்கே இருந்தாரா?”

நான் காதிலிருந்து அதைக் கழற்றி வைத்தேன்.

8

அருங்காட்சியகத்தின் இயக்குநர் அம்மையார் அதைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இதுவரை இந்தப் படைப்பில் இல்லாமல் இருந்தது ஒரு மனிதக் குரல்தான் என்றார். குரலை நடுவில் வைக்கலாம், சுவரில் மொழிபெயர்ப்பு விழச் செய்யலாம் என்றார். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் நானே அதைச் சொல்லியிருப்பேன்.

குரலின் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். லேயா கேட்க வேண்டும் என்றாள். அவள் தமிழைப் புரிந்துகொள்வாள், பதில் நார்வேஜியத்தில் வரும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பையும் போன வருடம் விட்டுவிட்டாள். சமையலறை மேசையில் குனிந்து கேட்டாள்.

“செத்த என்றால் இறந்த என்றுதானே அர்த்தம்? தாத்தா பாட்டியை, இறந்தவளே பொறு என்கிறாரா?”

“இல்லடா. நம்ம ஊருல செத்தன்னா கொஞ்சம்னு அர்த்தம். கொஞ்சம் பொறுன்னு சொல்றாரு.”

“இரண்டும் ஒரே சொல்லா?”

“வேற வேற.”

“நிச்சயமாகவா?”

நான் அடுப்பைத் துடைத்தேன். அவள் மறுபடி போட்டுக் கேட்டாள். இவள் பிறந்ததிலிருந்து என் கண்காட்சிகளுக்கு வந்து, ஓரமாக உட்கார்ந்து, கையிலிருக்கும் புத்தகத்தைப் படித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள். ஒருமுறை, “அம்மா, நீ இந்த ஊரைப் பற்றி ஒன்றுமே செய்யவில்லை. நான் இங்கேதான் பிறந்தேன்” என்றிருக்கிறாள். இந்தக் குரலைத்தான் முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டாள்.

“இதை எல்லோருக்கும் போடப் போகிறாயா?” என்றாள்.

“இயக்குநர் கேக்குறாங்க.”

“அவர் உன்னிடம்கூடப் பேசவில்லையே அம்மா. நீ அங்கே இல்லாதபோதுதானே பேசியிருக்கிறார்.”

மறுநாள் ஊலேயிடம் குரலை எடுத்துவிடச் சொன்னேன். இயக்குநர் காரணம் கேட்டார். அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது என்றேன். ஒரு கலைஞர் இப்படிப் பேசக்கூடாது என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். வெளிநாடுகளுக்கு அனுப்பும் திட்டத்தைப் பிறகு பார்ப்போம் என்று மின்னஞ்சல் வந்தது. அந்தப் ‘பிறகு’ இன்னும் வரவில்லை.

கண்காட்சி திறந்தது. உருளையும் வாளியும் தண்ணீரும் மட்டும் ஒலித்தன. பத்திரிகையில், முன்பு பார்த்ததேதான், புதிதாக ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு அன்று நன்றாகத் தூங்கினேன்.

9

அப்பாவின் நினைவு நாளன்று பூசை முடிந்து, கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு, சகாயம் கூப்பிட்டான். எப்போதும் அன்றைக்குக் கூப்பிடுவான். அவன் வேலை பார்த்த தோல் ஷாப்பை மூடிவிட்டார்களாம், இனி வேடசந்தூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறானாம். தோட்டத்தைப் பிளாட் போட ஆட்கள் வந்து அளந்து பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் இல்லை என்று போய்விட்டார்களாம்.

நான் குரலைப் பற்றிச் சொன்னேன். அவன் உடனே, “எல்லாருக்கும் போட்டுக் காட்டிட்டியா?” என்றான்.

“இல்ல. எடுக்கச் சொல்லிட்டேன்.”

“எனக்குப் போடு.”

போனைக் கணினியின் அருகே வைத்துப் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

“இன்னொருக்கப் போடு.”

போட்டேன். மூன்றாம் முறை அவன் கேட்கவில்லை. நானாகவே போட்டேன்.

“அம்மாட்டயா பேசுறாரு,” என்றான்.

“ஆமாப்பு. ஆனா அம்மா என்ன சொல்லுச்சுன்னுதான் தெரியல. அப்பா பதில் மட்டும்தான் இருக்கு.”

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னான்.

“சாப்பிடக் கூப்பிட்டிருக்கும்.”